மைக்கில் கட்டிய வேப்பிலை

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அம்மனுக்கு அடுத்தபடியாக எல்லோரும் பயப்படுவது மைக் செட் மணியத்தின் காதுக்குத்தான். மைக்கில் பேசுகிறவர் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், "கிட்ட வாங்க, மைக்கு கடிக்காது" என்று ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்க்கும்போதே "சீவாளிய மாத்துங்க" என்பான். அவர் முறைத்துக்கொண்டே மாற்றுவார். மாற்றிய பிறகு நன்றாகத்தான் இருக்கும். அதனாலேயே அவன்மேல் பாதிப் பேருக்கு எரிச்சல்.

அவனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நானும் அவனும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. அவன் அப்பாவின் குறட்டை எங்கள் வீட்டில் கேட்கும், என் அம்மாவின் வசவு அவன் வீட்டில் கேட்கும். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, லயத்தை இடித்தார்கள், நாங்கள் மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில், தாமான் என்கிற புதுக் குடியிருப்பில், ஆளுக்கொரு வீடு பார்த்துக் குடிவந்தோம். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் பழைய இடத்திலேயே இருக்கிறது. நான் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சாமிநாதன் என்ற பெயர் மறந்துபோய் கோயிலுக்கு வெறும் 'செகரட்டரி' ஆகிவிட்டேன்.

மணியம் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தான். பகலெல்லாம் டர்பைன் பக்கத்தில் நிற்பான். அந்த இரைச்சலில் எதிரே இருப்பவன் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். சனி ஞாயிறு ஆனால் மைக் செட். ஆரம்பத்தில் பழைய அம்ப்ளிபயர் ஒன்றும் கூம்பு ஸ்பீக்கர் இரண்டும் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் மணியம்தான். இப்போது வேன், பெரிய பாக்ஸுகள், பொத்தான் நிறைந்த மிக்சர் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுதான் அவனுக்கு முழுநேரப் பிழைப்பும் பெருமையும்.

அவன் மனைவி தேவமலரைக்கூட மைக் வழியாகத்தான் அவனுக்குத் தெரியும். எங்கள் கோயிலில் நடந்த தேவாரப் போட்டிக்கு ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாட வந்த பெண் அவள். அவள் பாடும்போது மட்டும் வால்யூம் கொஞ்சம் ஏறியது. நான் கவனித்தேன், சொல்லவில்லை. அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. நடுவர்களுக்குக் காதே இல்லை என்று மணியம் சண்டைக்குப் போனான். அடுத்த வருஷம் அதே கோயிலில் கல்யாணம். அவனைவிடப் பத்து வயது இளையவள், இன்னமும் மலாக்கா டவுன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள்.

செட் கட்டுவதில் மணியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. திருவிழாவின் முதல் நாள் காலையில் குளித்துவிட்டு, தன் வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்திலிருந்து தன் கையாலேயே ஒரு பெரிய கொத்து ஒடிப்பான். அதை மைக் ஸ்டாண்டின் கழுத்தில் மஞ்சள் கயிற்றால் கட்டுவான். திருவிழா முடிகிறவரை அது வாடக் கூடாது என்பதற்காக, காம்பை ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் சொருகி அதையும் சேர்த்துக் கட்டுவான். அம்ப்ளிபயருக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவான். அவன் செட்டில் கோளாறு வராததற்கு அந்த வேப்பிலைதான் காரணம் என்பது அவன் கட்சி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வருஷத்துத் திருவிழா வரும்வரை.

புதன்கிழமை கொடியேற்றம். மாலைப் பூஜையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கவிநேசன் மணியத்திடம் வந்தான். கோயில் இளைஞர் பகுதித் தலைவர். தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை. நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரம்.

"அங்கிள், பாக்ஸ்ல ஒரு சத்தம் வருது லா. ஸ்ஸ்ஸ்னு ஊசி மாதிரி. காது கூசுது."

"எந்த பாக்ஸு?"

"எல்லாத்துலயும்."

மணியம் தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஒண்ணும் இல்லையே."

"இப்பகூட வருது அங்கிள்!"

மணியம் என்னைப் பார்த்தான். நானும் காதைத் தீட்டிக் கேட்டேன். மந்திரம் கேட்டது, மணி கேட்டது, வேறொன்றும் இல்லை. கமிட்டித் தலைவரைக் கேட்டோம், பொருளாளரைக் கேட்டோம். யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் கமிட்டியில் ஐம்பத்தைந்துக்குக் கீழே ஓர் ஆள் கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சத்தம் எதுவும் இல்லை என்று அங்கேயே ஏகமனதாக முடிவு செய்துவிட்டோம். அர்ச்சனை நேரத்தில் சின்னப் பிள்ளைகள் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றன. சாமி முன்னால் இது என்ன பழக்கம் என்று அதட்டினேன்.

மணியத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. டவுனில் ஒரு கம்பெனி இருக்கிறது, ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர்களைக் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கவிடுவார்கள். அதைக் கூப்பிடலாம் என்று கவிநேசன் போன கூட்டத்திலேயே பேசியிருந்தான். "அவனுக்கு என்னை அனுப்பணும். அதுக்கு ஒரு சத்தம் வேணும்" என்றான் மணியம்.

ஆனாலும் தொழில்காரன் இல்லையா, சும்மா இருக்க மனம் வரவில்லை. மைக்கிடம் போய் வயரை ஆட்டிப் பார்த்தான்.

"ஆங், நின்னுருச்சு அங்கிள்!" என்று கூவினான் கவிநேசன்.

மணியம் வெற்றியோடு திரும்பி நடந்து மிக்சருக்குப் போய்ச் சேர்ந்தான்.

"திரும்ப வந்துருச்சு!"

மறுபடி போய் மைக்கைத் தொட்டான். நின்றது. திரும்பி வந்தான். ஆரம்பித்தது. இப்படியே அவன் கோயில் வாசலில் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, இது ஏதோ வேண்டுதல் என்று ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கவிநேசனை வரவழைத்து, யாரும் இல்லாத கோயிலில் செட்டைப் போட்டு நிற்க வைத்தான். "இப்பக் கேளு. நல்லாக் கேளு."

கவிநேசன் எல்லா பாக்ஸிலும் காதை வைத்துக் கேட்டான். "இல்ல அங்கிள். இப்ப ஒண்ணும் இல்ல."

"பாத்தியா?" என்றான் மணியம். அன்று மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றினோம், கொஞ்ச நேரத்தில் சத்தமும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் செய்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயரை மாற்றினான். மைக்கை மாற்றினான். உம்பாயிலிருக்கும் ஒரு கூட்டாளியிடம் போய் மிக்சரை இரவல் வாங்கி வந்தான். ஸ்டாண்டைக்கூட மாற்றினான். ஒவ்வொரு முறையும் பழையதிலிருந்து வேப்பிலைக் கொத்தை இரண்டு கையாலும் பக்தியோடு அவிழ்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் குறையாமல் பார்த்துப் புதியதில் கட்டினான். சத்தமும் கூடவே புதியதற்குக் குடிவந்தது.

அன்று இரவுப் பூஜை முடிந்து கமிட்டி கூடியது. கவிநேசன் வந்து போனை நீட்டினான். கோயில் பூஜையை இளைஞர்கள் நேரலையில் போடுகிறார்கள். அதற்குக் கீழே, 'என்ன சத்தம் இது, காது வலிக்குது' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்துகூட ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூர்க்காரருக்குக் கவிநேசனோடு என்ன கூட்டுச் சதி இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை ரதம். ஜோகூரிலிருந்தெல்லாம் ஜனம் வரும். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ரதத்தன்று டவுன் கம்பெனி என்று முடிவானது. சொல்ல வேண்டிய வேலை செகரட்டரி தலையில் விழுந்தது.

மணியம் வேன் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை.

"எனக்குக் கேக்கலையே சாமி" என்றான்.

"எனக்கும்தான்டா கேக்கல."

"உனக்குக் கேக்காட்டி என்ன, நீ தபால் ஆபீசுக்காரன். எனக்குக் கேக்கணும்ல."

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்தப் பதில் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, வருஷா வருஷம் வருகிற அன்னபாக்கியம் டீச்சர் மலாக்கா டவுனிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கூட அவர் மகள் ஜனகா. பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பிக்கிறாள், குறிப்பாக அவை எழுப்பும் சத்தத்தைப் பற்றி. இப்படி ஒரு படிப்பு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். நான் மைக்கில் அன்றைய உபயக்காரர்கள் பெயரை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அம்மனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் தாடைக்குக் கீழே இருந்த வேப்பிலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, கையில் போனை நீட்டியபடி பூனை நடை போட்டு வந்தாள்.

"அங்கிள், ப்ளீஸ், அசையாதீங்க" என்றாள் மெதுவாக. "பேச்சையும் நிறுத்துங்க."

செகரட்டரியைப் பேசாதே என்று சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அப்படியே சிலையாக நின்றேன். மணியம் ஓடி வந்தான். அவனையும் கையைக் காட்டி நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எங்கள் பக்கம் திருப்பினாள். திரையில் கறுப்புப் பின்னணியில் வெளிச்சமாகக் கோடுகள்.

"கீழ இருக்கே, இது இந்த அங்கிளோட குரல். மேல பாருங்க, பதிமூணு கிலோஹெர்ட்ஸ். கரண்டுல வர்ற சத்தம்னா ஒரே கோடா நீளமா ஓடும். இது மூணு புள்ளி, ஒரு கோடு. மறுபடியும் மூணு புள்ளி, ஒரு கோடு. கரண்டுக்குத் தாளம் போடத் தெரியாது அங்கிள். இது யாரோ பாடுறாங்க."

சொல்லிவிட்டு வேப்பிலையை ஒவ்வொன்றாக விலக்கினாள். இலைகளுக்குள் ஓர் இலை மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அதற்குக் கால் இருந்தது, உடம்பைவிட நீளமான மீசை இருந்தது. விபூதி வைக்கிற காலி பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். மூடியைப் போட்டு அதை விளக்குக்கு நேரே பிடித்துச் சிரித்தாள்.

அது வெட்டுக்கிளிக்குச் சொந்தக்காரப் பூச்சியாம், புதருக்குள்ளும் மரத்திலும் இருக்குமாம். தமிழில் அதற்கென்று தனிப் பெயர் இல்லை, அவள் சொன்ன லத்தீன் பெயர் என் வாயில் நுழையவில்லை. பாடுவது ஆண் மட்டும். வாயால் பாடுவதில்லை. இடது இறக்கையின் அடியில் அரம் மாதிரிப் பல்வரிசை, வலது இறக்கையின் ஓரத்தால் அதை உரசும். வெளிச்சம் போனால்தான் தொடங்கும், பக்கத்தில் ஆள் அசைந்தால் நிறுத்திவிடும். காது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே.

"காலுலயா காது? அலாமாக்!" என்றான் கவிநேசன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"இந்த வகைய மியூசியத்துல ஊசி குத்தித்தான் பாத்திருக்கேன். இது எப்படிப் பாடும்னு யாரும் இன்னும் பதிவு பண்ணல. உங்க மைக்குல மூணு நாளா பாடியிருக்கு!" என்றாள், கவிநேசனிடம் கதை முழுவதையும் கேட்டுக்கொண்ட ஜனகா.

எல்லோரும் மணியத்தைப் பார்த்தோம். மைக்கை மாற்றியவன், வயரை மாற்றியவன், மிக்சரை இரவல் வாங்கியவன், திருடனை மட்டும் கையோடு தூக்கிக்கொண்டே அலைந்திருக்கிறான். கவிநேசன்தான் முதலில் போய் அவன் தோளில் கை போட்டான். "சாரி அங்கிள். சண்டே நீங்கதான். பேச்சே இல்ல."

மணியம் அதைக் காதில் வாங்கவில்லை. ஜனகாவிடம் போனான். "எங்க, எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டும்மா."

அவள் போனைத் துழாவி எதையோ தேடிக்கொண்டே அவன் காதருகில் நீட்டினாள். மணியம் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் ஒரு ரசனை வந்தது. "ஆங், கேக்குது. நல்லாக் கேக்குது."

"இல்ல அங்கிள்" என்றாள் அந்தப் பெண் வெள்ளந்தியாக. "நான் இன்னும் போடல."

பிறகு போட்டாள். கவிநேசன் முகத்தைச் சுளித்தான். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்தின. நானும் மணியமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், எங்கள் இருவருக்கும் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் திரும்பிப் போய், சுருட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பூஜை முடிந்ததும் கவிநேசனைக் கூப்பிட்டான். "டவுன் செட்டையே வரச் சொல்லு தம்பி. காது போனவன் கையில செட்டு இருக்கக் கூடாது."

கவிநேசன் கெஞ்சினான். நான் திட்டினேன். எதுவும் நடக்கவில்லை. டவுன் கம்பெனிக்குச் சனிக்கிழமை இரவுக்குள் உறுதி சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் இழுத்தடித்தேன்.

சனிக்கிழமை மாலை ஜனகா மணியத்தின் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், வேப்பமரத்தில் வேறு பூச்சிகளும் இருந்தால் பதிவு செய்ய. நானும் போனேன். மணியம் வாசலில் உட்கார்ந்திருந்தான், வா என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தேவமலருக்கு மாலை ஷிஃப்ட். அதனால் கோயில் பக்கமே அவள் வர முடியவில்லை. அன்றுதான் லீவு. நடந்தது எதையும் அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. ஏதோ படிக்கிற பெண் மரத்தைப் பார்க்க வருகிறாள் என்று எங்களுக்கு வடை சுட்டு, கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள்.

ஜனகா பஞ்சு உறை போட்ட நீளமான மைக் ஒன்றை மரத்துக்கு நேராக நிறுத்தினாள். வெளிச்சம் மங்கியது. எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். திடீரென்று ஜனகா விரலை உதட்டில் வைத்தாள்.

"இந்தப் பூச்சியவா தேடி வந்தீங்க?" என்றாள் தேவமலர். "இது எப்பவும் கத்துமேம்மா. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து கேக்குறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரெக்டா ஆரம்பிக்கும். இவருகிட்ட தினம் சொல்லுவேன், கேளுங்க ஆரம்பிச்சிருச்சுன்னு. இவரும் ஆமாம்பாரு..."

பேச்சு அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கோப்பிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல மலரு."

"இத்தனை வருஷமாவா?"

"மொதல்ல கேட்டுச்சு. அப்புறம் எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. நீ வந்து சந்தோசமா சொல்லுவ. இல்லன்னு சொல்ல வாய் வரல."

தேவமலர் வடைத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "அதுக்குன்னு ஆமா ஆமான்னு தலையாட்டுவீங்களா? நான் லூசு மாதிரி தினம் வந்து சொல்லிக்கிட்டு! டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாம்ல? வாயத் தொறந்து சொன்னா முத்தா கொட்டிரும்?" என்று ஒரு மூச்சு திட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஜனகாவுக்குத் தான் ஏதோ குடும்பச் சண்டையில் மாட்டிக்கொண்டோமோ என்று சங்கடம். "அங்கிள், வயசானா எல்லாருக்கும் மேல இருக்கிற சத்தம்தான் முதல்ல போகும். நீங்க ஆலையிலயும் வேலை பாத்திருக்கீங்க. பேச்சு, பாட்டு, மேளம் எல்லாம் இதுக்கு ரொம்பக் கீழதான் இருக்கு, அது உங்களுக்கு நல்லாவே கேக்குது. நேத்து ராத்திரி டப்பாவுல இருக்குற இவனைப் பதிவு பண்ணேன். பத்து மடங்கு மெதுவாக்கினா சத்தம் கீழ இறங்கி வரும். போடட்டுமா?"

"போனுலயா? அதுல என்னத்தைக் கேக்குறது" என்று மணியம் முனகினான். முனகிக்கொண்டே எழுந்தான். வேனிலிருந்து ஒரு பாக்ஸை இறக்கி, வயரைச் செருகி, அவள் கருவியோடு சேர்த்தான். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

டொக். டொக். டொக். கர்ர்ர்ர்ர். டொக். டொக். டொக். கர்ர்ர்ர்ர்.

வாசல் முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. பழைய தையல் மெஷினை யாரோ மிதித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. மணியம் தலையைச் சாய்த்துக் கேட்டான், கண்ணை மூடவில்லை. மூன்று சுற்று போனதும் ஒரு பொத்தானை லேசாகத் திருகினான். "அடியில கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு" என்றான். இப்போது சத்தம் சுத்தமாக வந்தது. எனக்கு அந்த நிமிஷம் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"இப்படித்தான் எப்பவும் பாடுவானா?" என்று கேட்டான்.

"சூடா இருந்தா வேகமாப் பாடும் அங்கிள். குளிர்ச்சியா இருந்தா இறக்கை மெதுவாத்தான் அசையும். தாளம் இறங்கிரும்."

"அப்ப மழை பேஞ்சா?"

"நல்லா மெதுவாப் பாடும்."

அவன் தலையாட்டிக்கொண்டான். தொழில் விஷயம் ஒன்று தெரிந்துகொண்ட தலையாட்டல் அது.

நான் சமயம் பார்த்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுத்தேன். மணியம் மறுபடி கல்லானான். விஷயம் முழுவதையும் அப்போதுதான் தேவமலர் கேட்டாள். கேட்டுவிட்டு, "நாளைக்கும் எனக்கு லீவுதான். மேல இருக்குற சத்தத்தை நான் கேட்டுச் சொல்றேன். கீழ இருக்குறத நீங்க பாருங்க" என்றாள்.

"நீயா? மிக்சர்கிட்ட வந்து உக்காருவியா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"போட்டியில நான் பாடறப்ப மட்டும் வால்யூம ஏத்தினீங்களே, அன்னைக்கு யாரைக் கேட்டு ஏத்தினீங்க?"

நான் மட்டும்தான் அதைக் கவனித்தேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மணியம் வடையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டவுன் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜனகா டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலை முடிந்ததும் அவனைத் திரும்பக் கொண்டுவந்து இதே மரத்தில் விட வேண்டும் என்று தேவமலர் கண்டிஷனாகச் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணியம் குளித்துவிட்டுப் புதிய வேப்பிலைக் கொத்து ஒடித்து வந்தான். வேப்பிலை இல்லாமல் செட் கட்டுவதா? கவிநேசன் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் கொத்தை உதறு உதறென்று உதறி, இலை இலையாகப் பார்த்த பிறகுதான் ஸ்டாண்டில் கட்ட விட்டான். மிக்சருக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் மணியம், ஒன்றில் மஞ்சள் புடவையில் தேவமலர். அவள் சுண்டுவிரலைத் தூக்கினால் மேல்சத்தம் அதிகம் என்று பொருள், அவன் ஒரு பொத்தானைக் குறைப்பான். தலையாட்டினால் சரி என்று பொருள். பார்க்கிறவன் ஒன்றும் சொல்லவில்லை. ரதம் செம்பனைக்கு நடுவே போய்த் திரும்பி வந்தது. எந்தப் பிள்ளையும் காதைப் பொத்தவில்லை.

நன்றியுரைக்கு நான் மைக் முன்னால் போய் நின்றேன். வேப்பிலையில் ஏதாவது அசைகிறதா என்று ஒரு சந்தேகம், கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"கிட்ட வாங்க செகரட்டரி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மைக்கு கடிக்காது." ஜனம் முழுக்கச் சிரித்தது.

அடுத்த வாரம் ஒருநாள் அவன் வீட்டுக்குக் கணக்கு முடிக்கப் போனேன். மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வாசலில் மூவரும் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஜனகா முதல் நாள்தான் வந்து அந்தப் பூச்சியை மரத்தில் விட்டுப் போயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். வேப்பமரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

தேவமலர் குவளையைக் கீழே வைத்தாள். "கேளுங்க, ஆரம்பிச்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் விரலால் மூன்று தட்டுத் தட்டி, பிறகு ஒரு கோடு இழுத்தாள். மறுபடியும் மூன்று தட்டு, ஒரு கோடு.

மணியம் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தத் தட்டுகளைக் கவனித்தான்.

"ஆமா" என்றான். "மழை பேஞ்சிருக்குல்ல, மெதுவாப் பாடுறான்."